தூளிக் கம்பில் தொங்கும் இரைச்சல் கருவி: குழந்தையின் காது கெட்டுவிடுமா?

சென்னைப் புறநகரில், ரயில் பாதையை ஒட்டிய அடுக்ககத்தில் வசிக்கும் 29 வயதுத் தாய் ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு அதைச் சுருக்கித் தருகிறேன்.

ஒரே படுக்கையறை உள்ள வீடு. கணவருக்கு இரவுப் பணி. மாலையில் கிளம்பினால் விடியற்காலை நாலரைக்குத்தான் வருவார், மதியம் வரை தூங்குவார். 7 மாதப் பெண் குழந்தை. உதவிக்கு மாமியார் கூடவே இருக்கிறார். குழந்தைக்கு 2 மாதம் ஆனபோது அமெரிக்காவிலிருந்து வந்த நாத்தனார் ஒரு ‘வொயிட் நாய்ஸ்’ கருவியைப் பரிசாகக் கொடுத்திருக்கிறார். உள்ளங்கை அகலத்தில் உருண்டையான டப்பா. மழைச் சத்தம், ஃபேன் சத்தம், ‘உஸ்ஸ்’ என்ற இரைச்சல் மூன்றும் வரும். முதல் நாளே குழந்தை சட்டென்று தூங்கிவிட்டது. அன்றிலிருந்து அது தூளிக் கம்பில் ரிப்பனால் கட்டப்பட்டு, முழுச் சத்தத்தில், இரவு முழுக்க ஓடுகிறது. காலையில் கணவர் தூங்க வேண்டும் என்பதற்காக அப்போதும் நிறுத்துவதில்லை. கூட்டிப் பார்த்தால் நாளுக்கு 14 மணி நேரம். சார்ஜ் தீர்ந்துபோன ஓர் இரவில் அதற்குப் பதிலாக செல்போனில் ஒரு வீடியோவை ஓடவிட, இரண்டு மணிக்கு நடுவில் விளம்பரம் ஒன்று அலறி, குழந்தை வீரிட்டு அழுதிருக்கிறது.

“காது செவிடாயிடும், நாங்க எல்லாம் தாலாட்டு பாடித்தானே வளர்த்தோம்” என்கிறார் மாமியார். “அமெரிக்காவுல எல்லாரும் வைக்கிறாங்க, ஆபத்துன்னா விப்பாங்களா” என்கிறார் கணவர். எதிர் வீட்டில் இதே வயதுக் குழந்தை ‘ப்பா’ என்கிறதாம். இவர் மகள் இன்னும் ‘அம்மா’ என்று சொல்லவில்லை. போன மாதம் ஓர் இரவு துணிந்து கருவியை நிறுத்தியபோது குழந்தை நான்கு முறை எழுந்துவிட்டது. தெருமுனை அம்மன் கோயிலில் ஆடி மாதம் முழுக்க, விடியற்காலை நாலரைக்கே ஒலிபெருக்கி. கருவி இல்லாமல் அதை எப்படிச் சமாளிப்பது என்றும் கேட்கிறார். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், இடம் போதாமல் பொடி எழுத்தில் இரண்டு வரி: “குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வருவதில்லை டாக்டர். அந்தச் சத்தத்துக்குள்ளே அவள் அழுவதுபோலவே கேட்கிறது, எழுந்து போய்ப் பார்த்தால் தூங்கிக்கொண்டிருக்கிறாள்.”

அன்புச் சகோதரிக்கு,

உங்களை முதலில் அரிப்பது மகளின் காதுதான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். குக்கர் விசில் அடித்தால் திடுக்கிடுகிறாள், நீங்கள் அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தால் தலையைத் திருப்பித் தேடுகிறாள், பாட்டி சாவிக்கொத்தை ஆட்டினால் அந்தப் பக்கம் கையை நீட்டுகிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இதெல்லாம் கேட்கிற காது செய்கிற வேலை. லேசான குறைபாடு இருந்தால் இந்த அடையாளங்களிலும் தப்பிவிடலாம் என்பதால் ஒரு பரிசோதனை செய்துகொள்ளச் சொல்வேன். அதைக் கீழே விளக்குகிறேன். ஆனால் இந்தக் கடிதத்தைப் படித்து எனக்குக் கலக்கம் வரவில்லை. நீங்களும் கலங்க வேண்டாம்.

அடுத்தது, இன்று இரவே செய்ய வேண்டியது. கருவியைத் தூளிக் கம்பிலிருந்து அவிழ்த்துவிடுங்கள். நிறுத்தச் சொல்லவில்லை. அது இருக்கிற இடம் தப்பு, சத்தத்தின் அளவு தப்பு, ஓடுகிற நேரமும் தப்பு. மூன்றையும் சரிசெய்துகொண்டால் கருவி வீட்டிலேயே இருக்கலாம்.

சத்தம் எப்படித் தூங்கவைக்கிறது?

இது நமக்குப் புதிய விஷயம் இல்லை. மார்கழிக் குளிரில்கூட ஃபேனை ஒன்றில் வைத்துக்கொண்டு, இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறவர்கள் நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறார்கள். காற்றுக்காக என்று அவர்கள் சொன்னாலும் பாதி அந்தச் சத்தத்துக்காகத்தான். நடு இரவில் கரண்ட் போனால் வியர்ப்பதற்கு முன்பே விழிப்பு வந்துவிடுகிறதே, கவனித்திருக்கிறீர்களா? சீராக ஓடிக்கொண்டிருந்த ஒன்று சட்டென்று நின்றதுதான் நம்மை எழுப்புகிறது. 1962-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த தூக்கக் கருவி ஒன்றின் உள்ளே இருந்ததும் ஒரு சின்ன ஃபேன்தான். உங்கள் நாத்தனார் கொண்டுவந்த டப்பா அதன் பேத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தூங்கும்போதும் காது மூடுவதில்லை. மூளை கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது. சத்தம் எவ்வளவு பெரியது என்பதைவிட, இருந்த நிலையிலிருந்து எவ்வளவு தூரம் தாவியது என்பதைத்தான் அது கணக்கில் எடுக்கிறது. உங்கள் அறை நள்ளிரவில் 35 டெசிபல் அமைதியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சரக்கு ரயில் போகும்போது அது 65 ஆகிறது. முப்பது டெசிபல் தாவல், குழந்தை எழுந்துவிடும். அதே அறையில் ஏற்கனவே 50 டெசிபலில் ஒரு சீரான இரைச்சல் இருந்தால் தாவல் பதினைந்துதான். ரயில் அதே ரயில்தான், ஆனால் அது தட்டி எழுப்புகிற வேகம் குறைந்துவிடுகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவின் சத்தங்களை வைத்துச் செய்து 2005-இல் வெளியான ஓர் ஆய்விலும் இதையேதான் கண்டார்கள்.

ஆக, இந்தக் கருவி தூக்க மருந்து இல்லை, ஒரு திரை. வெளியே மறைக்க வேண்டிய சத்தம் இருக்கும்போது திரைக்கு வேலை உண்டு. அமைதியான அறையில் திரை போட்டால் அதுவே ஒரு சத்தம்.

கணவரிடம் இதையும் சொல்லுங்கள். இணையத்தில் இந்தக் கருவிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலரும் சுட்டிக்காட்டுவது 1990-இல் லண்டனில் நடந்த ஓர் ஆய்வை. 40 பச்சிளம் குழந்தைகள். வொயிட் நாய்ஸ் கேட்ட 20 பேரில் 16 பேர் ஐந்து நிமிடத்துக்குள் தூங்கிவிட்டார்கள். கேட்காத 20 பேரில் 5 பேர்தான் தூங்கினார்கள். நல்ல முடிவுதான். ஆனால் அவர்கள் பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத குழந்தைகள், பார்த்தது தூங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை மட்டும். 7 மாதக் குழந்தைக்கு இரவு முழுக்க ஓடவிடலாம் என்று அந்த ஆய்வு சொல்லவே இல்லை. 2021-இல், எல்லா வயதினரையும் பற்றிய 38 ஆய்வுகளை ஒன்றாக வைத்து அலசிப் பார்த்தார்கள். சிலவற்றில் தூக்கம் கூடியிருந்தது, சிலவற்றில் கெட்டிருந்தது. மொத்தத்தில் ஆதாரம் மிகவும் பலவீனம் என்றே முடித்தார்கள்.

முழுச் சத்தம் என்பது எவ்வளவு?

உங்கள் கடிதம் வந்த வாரத்தில், தெரிந்த வீட்டிலிருந்து இதே மாதிரிக் கருவி ஒன்றை வாங்கிவந்து என் அறை மேஜையில் ஓடவிட்டேன். முழுச் சத்தம் வைத்து, ஒரு சாண் தூரத்தில் ஒலிமானியைப் பிடித்தேன். எண் 80-ஐத் தாண்டி ஆடிக்கொண்டிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த நர்ஸம்மாவிடம் “எவ்வளவு காட்டுது?” என்று கேட்க நான் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. ஐந்து நிமிடத்தில் எனக்கே எரிச்சலாக இருந்தது. ஒலிமானியை எடுத்துக்கொண்டு அறையின் எதிர் மூலைக்கு நடந்தேன்; அறுபத்துச் சொச்சத்துக்கு இறங்கியது. சத்தத்தைப் பாதிக்கும் கீழே குறைத்தேன்; 50-க்கு வந்து நின்றது. அந்த அளவில் அது காதை அடைக்கவில்லை, பக்கத்து அறையில் யாரோ ஷவரைத் திறந்துவிட்டதுபோல இருந்தது.

2014-இல் கனடாவின் டொரண்டோ குழந்தைகள் மருத்துவமனை ஆய்வாளர்கள் 14 கருவிகளை இப்படித்தான் அளந்தார்கள், என்னைவிட முறையாக. முழுச் சத்தத்தில், 30 சென்டிமீட்டர் தூரத்தில் பதினான்குமே 50 டெசிபலைத் தாண்டின. மூன்று கருவிகள் 85-ஐயும் தாண்டின. மருத்துவமனையில் பச்சிளம் குழந்தைகள் இருக்கும் அறைக்கு 50 டெசிபல்தான் வரம்பு. 85 என்பது தொழிற்சாலையில் வேலை செய்யும் பெரியவர்களுக்கு, அதுவும் 8 மணி நேரத்துக்கு மட்டும், வைத்திருக்கும் எல்லை. கடையில் விற்கிற பொருள் என்பதாலேயே பாதுகாப்பானது என்று உங்கள் கணவர் நினைப்பது இங்கேதான் தவறுகிறது. மிக்ஸியும் கடையில்தான் விற்கிறது. அதை யாரும் குழந்தையின் தலைமாட்டில் கட்டி ஓடவிடுவதில்லை.

உங்கள் கருவி எவ்வளவு சத்தம் போடுகிறது என்று அளந்து பார்க்காமல் எனக்குத் தெரியாது. ஆனால் தூளிக் கம்பில் கட்டினால் அது குழந்தையின் காதுக்கு இரண்டு சாண் தூரத்தில் இருக்கிறது. அந்த இடத்தில், முழுச் சத்தத்தில், 14 மணி நேரம் என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. உங்கள் மாமியார் பயந்ததில் இவ்வளவு நியாயம் இருக்கிறது. மீதிப் பயம் தேவையில்லை.

இனி இப்படி வைத்துக்கொள்ளுங்கள்:

- இடம்: தூளியிலிருந்து குறைந்தது ஏழடி தள்ளி, ரயில் பாதைப் பக்கத்து ஜன்னலுக்கு அருகில் அலமாரி மேல். சத்தம் வருகிற பக்கத்தில் திரை இருக்கட்டும்.
- அளவு: குழந்தையின் தலை இருக்கும் இடத்தில் 50 டெசிபலுக்கு மேல் வேண்டாம். ஒரே இரவில் இல்லை, படிப்படியாக; எப்படி என்று கீழே சொல்கிறேன். செல்போனில் ஒலி அளக்கும் இலவசச் செயலிகள் உண்டு. துல்லியம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், இந்த வேலைக்குப் போதும். அதுவும் இல்லையென்றால், தூளிக்குப் பக்கத்தில் நின்று சாதாரணக் குரலில் பேசிப் பாருங்கள். குரலை உயர்த்த வேண்டியிருந்தால் சத்தம் அதிகம்.
- நேரம்: தூங்கவைக்கும்போது போடுங்கள். நன்றாகத் தூங்கி அரைமணி ஆனதும் மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்துங்கள். சட்டென்று அணைத்தால் கரண்ட் போன கதைதான்.
- சத்தத்தின் வகை: ‘உஸ்ஸ்’ வேண்டாம், ஃபேன் சத்தத்தை வையுங்கள். ரயிலின் உறுமல் அடித்தொண்டைச் சத்தம். கீச்சென்ற இரைச்சலால் அதை நன்றாக மறைக்க முடியாது. ‘பிங்க்’, ‘பிரௌன்’ என்று நீங்கள் படித்தவையும் இதுதான், கீழ்ஸ்தாயி கூடின இரைச்சல்கள். பிரௌன் என்பது நிறம்கூட இல்லை, ராபர்ட் பிரௌன் என்ற தாவரவியலாளரின் பெயர். தனியாகக் காசு கொடுத்து வாங்க அதில் ஒன்றும் இல்லை.
- செல்போன் வீடியோ வேண்டவே வேண்டாம். விளம்பரம் ஒரு பக்கம், குழந்தைக்குப் பக்கத்தில் சூடாகும் பேட்டரி இன்னொரு பக்கம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், காது மூக்கு தொண்டை மருத்துவர் என்ற முறையில். இந்தக் கருவிகள் சிலவற்றுக்கு ரிமோட் வரும். அதற்குள் பொத்தான் மாதிரி வட்டமான பேட்டரி இருக்கும். உங்கள் மகள் இப்போது தவழத் தொடங்கும் வயதில் இருக்கிறாள், கையில் கிடைத்ததெல்லாம் வாய்க்குப் போகும். அந்தப் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே பொசுக்கிவிடும். விழுங்கியிருப்பாளோ என்று சந்தேகம் வந்தால்கூடப் பொழுது விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே அவசரப் பிரிவுக்குப் போய் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ரிமோட் இருந்தால் பேட்டரி மூடி திருகாணியால் முடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் தூக்கிப் போட்டுவிடுங்கள். கருவியின் சார்ஜர் ஒயர், அந்த ரிப்பன் இரண்டுமே குழந்தைக்கு எட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது, கழுத்தில் சுற்றிக்கொள்ளும். தூளியையும் இனிப் படிப்படியாக விட்டுவிடுங்கள். புரளவும் பிடித்து எழும்பவும் கற்றுக்கொண்ட குழந்தைக்குச் சமதளமான, கெட்டியான படுக்கைதான் பத்திரம்; மல்லாக்கப் படுக்கவையுங்கள்.

‘அம்மா’ எப்போது வரும்?

7 மாதத்தில் ‘அம்மா’ என்று அழைக்காததில் கவலைப்பட ஒன்றும் இல்லை. பொருள் தெரிந்து சொல்கிற முதல் சொல் ஏறக்குறைய ஒரு வயதில்தான் வரும். எதிர் வீட்டுக் குழந்தையின் ‘ப்பா’வும் அநேகமாக அப்பாவை அழைத்தது இல்லை, உதட்டைச் சேர்த்துப் பிரித்துப் பார்க்கிற விளையாட்டு. உங்கள் மகளிடம் இப்போது எதிர்பார்க்க வேண்டியது அந்த விளையாட்டைத்தான்: ‘பாபாபா’, ‘தத்தத்தா’, ‘ம்மம்மா’ என்று எழுத்துகளைக் கோத்து உளறுவது. அது 6 மாதத்திலிருந்து 9 மாதத்துக்குள் தொடங்கும். நீங்கள் எழுதியிருக்கிற ‘ஆக்கூ’, ‘ங்கா’ எல்லாம் அதற்கு முந்தின படி. ஒன்பது மாதம் முடிந்தும் உளறல் தொடங்கவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் அப்போது தள்ளிப்போடாமல் வாருங்கள்.

‘தொடர் இரைச்சல் மூளை வளர்ச்சியைத் தடுக்கும்’ என்று நீங்கள் எங்கோ படித்துப் பயந்ததற்கு மூலம் 2003-இல் கலிபோர்னியாவில் எலிக்குட்டிகளை வைத்துச் செய்த ஆய்வாக இருக்கலாம். இரைச்சலை இடைவிடாமல் கேட்டு வளர்ந்த குட்டிகளுக்குக் கேள்விப் புலன் சார்ந்த மூளைப்பகுதி முதிர்வது தள்ளிப்போனது உண்மை. அதே ஆய்வில், இரைச்சலை நிறுத்தியதும் அந்த முதிர்ச்சி மறுபடி நடந்தது. இந்தப் பாதியை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. எலியின் நாளும் மனிதக் குழந்தையின் நாளும் ஒன்றல்ல. ஆனாலும் அதிலிருந்து நான் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: விழித்திருக்கும் நேரத்தில் குழந்தையின் காதுக்கு இரைச்சல் போகக் கூடாது, பேச்சு போக வேண்டும். அதனால் பகலில் அவள் கண் திறந்ததும் கருவியை நிறுத்துங்கள். ஹாலுக்குத் தூக்கி வாருங்கள். டிவியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உங்கள் மாமியார் பாடும் தாலாட்டு இதற்குத்தான் தங்கமான பொருள். அதில் சொல் இருக்கிறது, ஏற்ற இறக்கம் இருக்கிறது, ‘மாமன் அடிச்சாரோ, அத்தை அடிச்சாளோ’ என்று உறவெல்லாம் இருக்கிறது, பாடுகிற முகமும் எதிரே இருக்கிறது. ரயிலை அதனால் மறைக்க முடியாது. இரைச்சல் கருவியால் ஒரு சொல்லைக்கூடக் கற்றுத்தர முடியாது. தூங்கும் முன் பத்து நிமிடம் பாட்டி பாடட்டும், அப்புறம் எதிர்ச் சுவரோரம் ஃபேன் சத்தம் மெல்ல ஓடட்டும்.

பரிசோதனை பற்றிச் சொல்கிறேன் என்றேன். குழந்தை பிறந்த மருத்துவமனையில் கொடுத்த டிஸ்சார்ஜ் அட்டையை எடுத்துப் பாருங்கள். ‘ஓஏஇ’ என்று கேட்கும் திறன் சோதனையின் பெயரைப் போட்டு, இரண்டு காதுக்கும் ‘பாஸ்’ என்று இருந்தால் பிறவியில் காது சரியாக இருந்தது என்று பொருள். இல்லாவிட்டாலும் சரி, இருந்தாலும் சரி, உங்கள் மனநிம்மதிக்காக இப்போது ஒரு முறை செய்துகொள்ளலாம். தூங்கும் குழந்தையின் காதில் சின்ன முனையை வைத்து ஐந்தாறு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். ஊசி கிடையாது, வலி கிடையாது. அதில் ஏதாவது சந்தேகம் இருந்தால் ‘பெரா’ என்ற அடுத்த சோதனை, சத்தம் காதிலிருந்து மூளைக்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் இதற்கு வசதி உண்டு.

பழகிவிட்டாளே, விடமுடியுமா?

முடியும். நீங்கள் நிறுத்திய அந்த ஓர் இரவை வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். ஐந்து மாதம் முழுச் சத்தத்தில் தூங்கிய குழந்தையைத் திடீரென்று ஒரே இரவில் அமைதியில் போட்டால் நான்கு முறை எழத்தான் செய்யும். இந்த வயதில் கருவி இல்லாத வீட்டுக் குழந்தைகளும் இரவில் இரண்டு மூன்று முறை விழிக்கின்றன. அது நோய் இல்லை, கெட்ட பழக்கமும் இல்லை.

இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சத்தத்தை ஒரு படி குறையுங்கள். இரண்டு வாரத்தில் 50 டெசிபலுக்கு வந்துவிடலாம். அங்கேயே கொஞ்ச நாள் நிறுத்திக்கொண்டால் போதும்; பூச்சியத்துக்குக் கொண்டுபோயே தீர வேண்டும் என்று நான் வற்புறுத்த மாட்டேன். ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். தாழ்ந்த சத்தத்தில், தள்ளிவைத்து, தூங்கும் நேரத்தில் மட்டும் ஓடுகிற கருவி உங்கள் வீட்டுக்கு ஓர் உதவிதான்.

காலையில் கணவருக்காக ஓடுகிறதே, அதைக் குழந்தையின் கணக்கில் சேர்க்காதீர்கள். அவர் தூங்குகிற நேரத்தில் குழந்தையின் பகல் தூக்கம் ஹாலில் இருக்கட்டும். கருவியை அவர் தலைமாட்டுக்குக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளலாம். அதைவிட நல்லது மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சு போன்ற காதடைப்பான். விரலால் உருட்டி ஒல்லியாக்கி, காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, உள்ளே வைத்து அது விரியும் வரை அரை நிமிடம் அழுத்திக்கொள்ள வேண்டும். காதில் சீழ் வடிகிறவர்கள் போடக் கூடாது. பகலில் தூங்குகிறவருக்குச் சத்தத்தைவிட வெளிச்சம் பெரிய எதிரி. ஜன்னலுக்குத் தடித்த கறுப்புத் திரை வாங்கிப் போடுங்கள்.

அம்மன் கோயில் ஒலிபெருக்கிக்கு வருகிறேன். அதைக் கருவியால் வெல்லப் பார்க்காதீர்கள், சத்தத்துக்குச் சத்தம் போட்டி போட்டால் தோற்பது குழந்தையின் காது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை வெளியிடங்களில் ஒலிபெருக்கி வைக்க அனுமதி இல்லை. குடியிருப்புப் பகுதிக்கு இரவு வரம்பு 45 டெசிபல், பகலில் 55. திருவிழாக்களுக்காக மாநில அரசு ஆண்டுக்கு அதிகபட்சம் 15 நாள், அதுவும் நள்ளிரவு 12 மணி வரை மட்டும், விலக்கு அளிக்கலாம். ஆடி மாதம் முழுக்க, விடியற்காலை நாலரைக்குப் பாட்டுப் போட யாருக்கும் உரிமை கிடையாது. முதலில் உங்கள் மாமியாரும் அடுக்ககத்துப் பெரியவர் யாராவது ஒருவரும் போய்க் கோயில் நிர்வாகத்தில் பேசட்டும். ‘கைக்குழந்தை இருக்கு, குழாயைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிவையுங்க’ என்று கேட்டாலே பல இடங்களில் திருப்பிவிடுகிறார்கள். கேட்கவில்லை என்றால் 100 அல்லது 112-க்கு அழைத்துப் புகார் சொல்லலாம்.

அந்தப் பொடி எழுத்து

நான்கு பக்கத்தில் எனக்கு அதிகம் உறுத்தியது நீங்கள் ஓரத்தில் எழுதிய அந்த இரண்டு வரிதான்.

இரைச்சலுக்குள் குழந்தை அழுவதுபோல் கேட்பது மனப்பிரமையோ என்று நீங்கள் பயப்படுவது தெரிகிறது. வொயிட் நாய்ஸ் என்பதில் எல்லா அலைவரிசையும் கலந்திருக்கிறது. குழந்தையின் அழுகைக்கான அலைவரிசையும் அதில் உண்டு. ஏழு மாதமாக அந்த ஒரு குரலுக்காகவே கூர்தீட்டப்பட்ட தாயின் மூளை, மேகத்தில் முகம் தெரிவதுபோல, இரைச்சலில் அழுகையைப் பொறுக்கி எடுக்கிறது. ஷவருக்கு அடியில் நிற்கும்போது குழந்தை அழுவதாகத் தோன்றித் தண்ணீரை நிறுத்திக் கேட்காத தாய் குறைவு. கருவியின் சத்தத்தைக் குறைத்துத் தள்ளிவைத்தால் இது பெருமளவு அடங்கும். உண்மையாகவே அவள் அழுதால் உங்களுக்குக் கேட்கும் என்ற தைரியமும் வரும். முழுச் சத்தத்தில் அந்தத் தைரியத்துக்கு இடமே இல்லை.

ஆனால் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்போது, உடம்பு அடித்துப்போட்ட மாதிரி களைத்திருந்தும், உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்பது வேறு விஷயம். எத்தனை நாளாக என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டு வாரத்துக்கு மேலாக இப்படி இருக்கிறதா? சாப்பாடு இறங்கவில்லையா? காரணமில்லாமல் அழுகை வருகிறதா, முன்பு பிடித்த எதுவும் இப்போது பிடிக்கவில்லையா, குழந்தைக்கு ஏதோ ஆகிவிடும் என்ற எண்ணம் துரத்துகிறதா? இவற்றில் சிலவற்றுக்கு ஆமாம் என்றால் அது பிரசவத்துக்குப் பின் வருகிற மனச்சோர்வாகவோ பதற்றமாகவோ இருக்கலாம். முதல் மாதத்தில்தான் வரும் என்பதில்லை, குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். நல்ல தாய்க்கு வராது என்பதும் இல்லை. பேச்சுவழிச் சிகிச்சை இருக்கிறது. மருந்து தேவைப்பட்டால் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடியவையும் இருக்கின்றன. நீங்களாகக் கடையில் தூக்க மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ள மட்டும் வேண்டாம்.

இதற்கிடையில் ஓர் ஏற்பாடு. இரவு 9 மணியிலிருந்து 1 மணி வரை குழந்தை மாமியாரிடம் ஹாலில் இருக்கட்டும். பால் கொடுத்துவிட்டு நீங்கள் படுக்கையறையில், கதவைச் சாத்திக்கொண்டு, கருவி இல்லாமல், ஃபேன் சத்தத்தில் படுங்கள். அழுதால் அத்தை கூப்பிடுவார். நான்கு மணி நேரம் உடைபடாத தூக்கம் இந்த வயதுத் தாய்க்குப் பெரிய மருந்து. கணவரும் விடுமுறை இரவுகளில் அந்த முறையை எடுத்துக்கொள்ளட்டும். அவருடைய தூக்கத்துக்காகக் காலை முழுக்க வீடே குரலைத் தாழ்த்திக்கொள்கிறது, உங்கள் தூக்கத்துக்கும் அவர் அதைச் செய்யலாம்.

பிரசவம் பார்த்த மருத்துவரையோ பக்கத்து அரசு மருத்துவமனை மனநலப் பிரிவையோ இந்த வாரமே பாருங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்கு, ‘டெலிமனஸ்’ என்ற அரசு மனநல உதவி மையத்துக்கு, அழையுங்கள். இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் ஒரு நிமிடம் வந்துபோனாலும், கணவரையோ அத்தையையோ உடனே எழுப்பிச் சொல்லுங்கள்; அன்றைக்கே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் என்ன சொல்வதென்று வார்த்தை வராமல் போகலாம். எனக்கு எழுதியதன் நகல் இருந்தால், கடைசிப் பக்கத்தை மட்டும் அவர் கையில் கொடுங்கள். அந்த இரண்டு வரியைப் படித்தால் அவருக்குப் புரிந்துவிடும்.